பூவம்மா பின்னிய விளக்குக் கூண்டு

எண்ணூர் முகத்துவாரத்தில் இருபத்தாறு வருஷம் கையால் இறால் தடவியவள் பூவம்மா. தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போடுவாள். பறி என்பது வாய் குறுகிய சின்னக் கூடை. வாய் அகலமானால் இறால் துள்ளிப் போய்விடும். அதையும் அவளே பின்னிக்கொள்வாள்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாயிற்று. இறால் போனது, பிழைப்பும் போனது. மணலியில் ஒரு கம்பெனி வாசலைப் பெருக்கும் வேலைக்கு மருமகன் சொல்லி வைத்துவிட்டான். அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழு மூங்கில் பட்டறை திறந்தது. முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாத கூடையா?

ஆனால் வந்த ஆர்டர் விளக்குக் கூண்டுக்கு. ஓர் ஓட்டலுக்கு அறுபது வேண்டும். மேலே குறுகி, கீழே மணிபோல விரிய வேண்டும். மாதிரியைச் சரியாக முடிப்பவர்களுக்கே அதில் இடம். பூவம்மா பின்னிய இரண்டும் வாய்ப்பக்கம் குவிந்துகொண்டன.

"இன்னாக்கா, பல்பு துள்ளிக்கினு ஓடிடுமா?" என்றாள் பக்கத்தில் மூங்கிலைப் பிளந்து சிம்பு சீவிக்கொண்டிருந்த செங்கொடி. பட்டறையே சிரித்தது.

பூவம்மாவும் சிரித்துவிட்டாள். "இருவத்தாறு வருசமா வாய சுருக்கியே பயகின கையிடி. சொன்னா கேக்குதா பாரு!"

ராயபுரத்திலிருந்து வந்து பயிற்சி தரும் கிறிஸ்டினா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு பேருங்கள அனுப்பணும்க்கா. இன்னும் ஒண்ணு பின்னிப் பாரு. அதுவும் சரியா வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பூவம்மா வீணாய்ப்போன கூண்டை மடியில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உச்சியில் தொடங்கி வாயில் முடிக்கச் சொல்கிறார்கள். கை குறுக்குவதோ முடிக்கிற இடத்தில். அப்படியானால் முடிக்கிற இடத்தை மாற்றினால் என்ன?

அகல வளையத்தை அளவுக்கு வளைத்து முதலில் கட்டினாள். அதில் சிம்புகளை நிறுத்தி, வாயிலிருந்து உச்சிக்குப் பின்ன ஆரம்பித்தாள். கை தன் பாட்டுக்குக் குறுக்கிக்கொண்டே போனது. அவள் தடுக்கவில்லை.

"இன்னாக்கா, தலகீயா பின்னிக்கினு கீற?" என்று ஓடிவந்தாள் கிறிஸ்டினா.

பூவம்மா உச்சியைக் கட்டி முடித்துக் கூண்டை நீட்டினாள். "அளந்து பாத்துட்டு பேசு, டீச்சர்."

கிறிஸ்டினா டேப்பை எடுத்து வாயை அளந்தாள், உச்சியை அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள். பல்பை ஹோல்டரோடு உள்ளே விட்டுப் பார்த்தாள், இடிக்காமல் நின்றது.

"எப்டிக்கா? எனக்கும் சொல்லிக் குடுக்கா."

"மொதல்ல என் பேர எய்து," என்றாள் பூவம்மா.