கயிறு வீசாத மூன்று வாரம்

நான் இன்னும் தலையை ஆட்டவே இல்லை... மோ கிளம்பிவிட்டாள்.

கிளம்பினாள் என்றால் சும்மா இல்லை. குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, முன்னால் நின்ற மூணு சக்கர வண்டியை உரசிக்கொண்டு, களத்தின் கடைசி வேலி வரை ஒரே பாய்ச்சல். நான் சேணத்தில் பாதி, காற்றில் பாதி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மோவின் முன்னங்காலில் வேலிக்கம்பி கீறி ரத்தம்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும்.

மோ ஒரு குதிரை. ஷான் மலைப்பக்கத்துப் பெண் குதிரை, உயரம் கம்மி, ரோஷம் ஜாஸ்தி. யாங்கோனில் லைங் தாயா ஃபேக்டரிகளையெல்லாம் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில் டோ கின் டே என்கிற அம்மா ஒரு சின்னக் குதிரை லாயம் வைத்திருக்கிறார். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ‘டீம் ரோப்பிங்’ ஆடுகிறேன்.

இதற்கு முன்னால் கிடார், அதற்கு முன்னால் நீச்சல்... என் ஆர்வங்களின் ஆயுள் சில மாதம்தான். ஆனால் இது ஒன்றரை வருஷமாக நிற்கிறது. நம்புங்கள்.

ஆட்டம் இதுதான். இரண்டு பேர், இரண்டு குதிரை, ஒரு காளை. ஒருத்தர் காளையின் கொம்பில் சுருக்கு வீசவேண்டும் – அவர் ஹெடர். இன்னொருத்தர் பின்னங்கால் இரண்டிலும் – அவர் ஹீலர். குறைந்த நேரத்தில் முடிப்பவர்களுக்கு வெற்றி. எங்கள் காளை நிஜக் காளை இல்லை. இரும்புக் குழாயில் பற்றவைத்து, பிளாஸ்டிக் தலை மாட்டியது. மூணு சக்கர வண்டி அதை இழுத்துக்கொண்டு ஓடும். குதிரைகள் புறப்படுவதற்கு முன் நிற்கிற சின்னத் தடுப்புக்குப் பெயர் பெட்டி, ஆளுக்கு ஒன்று. நான் பெட்டிக்குள் நின்று தலையை ஆட்டினால் வண்டி கிளம்பும், பின்னாலேயே நாங்கள்.

நான் ஹெடர். என் ஹீலர் இஸ்மாயில் காக்கா. மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் அவருக்கு ஹார்ட்வேர் கடை. எங்கள் கயிறெல்லாம் அவர் கடைச் சரக்குதான். அவசரம் என்கிற சொல்லே தெரியாத மனிதர். எனக்கோ வேறு சொல்லே தெரியாது.

அன்று டோ கின் டே, மோவின் காலைக் கழுவி மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தார். “தமீ...” என்றார். மகளே என்று அர்த்தம். அவர் அப்படிக் கூப்பிட்டால் கெட்ட செய்தி.

“இது மூணாவது தடவை. யார் மேலயாவது மோதினா நான் என்ன பதில் சொல்றது? இந்த மாசக் கடைசியில போட்டி இருக்குல்ல, அதுக்குள்ள இவ பெட்டியில நிக்கணும். இல்லேன்னா மேமியோவுக்கு அனுப்பிடுவேன். வண்டி இழுக்கட்டும்.”

மேமியோவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டிகள் ஓடுகின்றன. நிற்கத் தெரியாத குதிரையை லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வண்டியில் பூட்டினால் எப்படி நிறுத்துவார்கள்? சவுக்கால்தான்.

சாயங்காலம் தாமுவேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடை. இஸ்மாயில் காக்கா எங்கள் ஓட்டம் ஒவ்வொன்றையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றுவிடாமல் பார்த்தேன். குதிரையின் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன்... கண்ணில் பட்டது என் இடது கை. தலையை ஆட்டுவதற்கு முன்பே கடிவாளத்தை இறுக்குகிறது. குதிகால் அவள் விலாவில் ஏறுகிறது. நான் வாயால் ‘நில்’ என்கிறேன். உடம்பு முழுக்க ‘ஓடு’ என்கிறது.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது.

“காக்கா, இத்தனை வீடியோவுல ஒரு தடவையாச்சும் நான் பெட்டிக்குள்ள போய்ச் சும்மா நின்னுட்டு வந்திருக்கேனா?”

“நீயா? சும்மாவா?” அவர் சிரித்தார். “டீ ஆறுறதுக்குள்ள குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிற ஆளு புள்ள நீ!”

ஒரு தடவைகூட இல்லை. பெட்டி என்றால் பாய்ச்சல் – அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். அவள் நன்றாகப் படித்துவிட்டாள். ஃபெயில் ஆனது டீச்சர்.

அடுத்த மூன்று வாரமும் மோ மேல் உட்கார்ந்து நான் கயிறே வீசவில்லை. போட்டிக்கு முன்னால் பயிற்சியை நிறுத்துவதா என்று மற்ற டீம்காரர்கள் சிரித்தார்கள். நாங்கள் செய்தது இவ்வளவுதான். மோவைப் பெட்டிக்குள் நடத்திப் போவது. நிற்பது. வெளியே வருவது. மறுபடி உள்ளே. பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லி, அது ஓடுவதை நானும் காக்காவும் குதிரைமேல் உட்கார்ந்தபடியே பார்ப்பது. அவள் மூச்சு அடங்கிய பிறகுதான் இறங்குவது. பத்துத் தடவை நின்றால் ஒரு தடவை ஓட்டம், அதுவும் பாதி வேகத்தில்.

சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மோவுக்கும்தான்.

கை சும்மா இருக்குமா? வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துவைத்து, அதன் கால்களில் கயிறு வீசினேன். இதைக் குதிரை வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்லுவேன் – கை தப்பு செய்யும்வரை தரையில் செய்யட்டும். நாம் நூறு தடவை குறிதவறுவதற்குக் குதிரை ஏன் நூறு தடவை ஓடவேண்டும்? அதுவும் யாங்கோன் வெயிலில்! ஒன்பது மணிக்கு மேல் நாங்கள் ஓட்டுவதே இல்லை. இறங்கியதும் சேணத்தைக் கழற்றி, நிழலில் நடத்தி, கழுத்திலும் காலிலும் தண்ணீர் ஊற்றி, குடிக்கவும் கொடுத்துவிட்டு – அப்புறம்தான் எங்களுக்கு மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்.

இன்னொன்று, இது உங்கள் விரல் விஷயம். சுருக்கு விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் முன்னால் இருக்கிற கொம்பில் சுற்றவேண்டும். அப்போது கட்டைவிரல் வானத்தைப் பார்க்கட்டும். கீழே பார்த்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் மாட்டும். மாட்டினால் விரல் உங்களோடு வீட்டுக்கு வராது. வயிற்றுப் பட்டையை ஏறும் முன் ஒரு தடவை இறுக்குங்கள். பத்து நிமிஷம் நடத்திவிட்டு மறுபடி பாருங்கள். குதிரைகள் வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றும். மோ அதில் டாக்டர் பட்டம் வாங்கியவள்.

ஜோடி ஆடுகிறவர்களுக்கு ஒரு விதி. ஓட்டம் முடிந்து ஐந்து நிமிஷம் பேசாதீர்கள். குறி தவறியவருக்குத் தெரியும், தவறியது என்று.

போட்டி நாள். ஆறு டீம், ஆளுக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் மோ நின்றாள். நான் தலையாட்டினேன், போனாள். கொம்பில் சுருக்கு விழுந்தது! காக்காவுக்கு ஒரு கால்தான் மாட்டியது. அதற்கு ஐந்து செகண்ட் அபராதம். அப்படியும் மூன்றாவது இடம். இரண்டாவது ஓட்டம் சுத்தமாக அமைந்தால் கோப்பை.

இரண்டாவது ஓட்டத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. விசில். ஸ்பீக்கர் கரகரப்பு. வெளியே ரோட்டில் ஃபேக்டரி பஸ்களின் ஹாரன். பெட்டிக்குள் திரும்பி நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காது பின்னால் மடிந்திருக்கிறது. கழுத்து நனைந்திருக்கிறது. உடம்பின் எடை முழுக்கப் பின்னங்காலில். இப்போது ஓடவிட்டால் ஓடுவாள், ஒருவேளை ஜெயிப்போம்கூட. ஆனால் மூன்று வாரம் அவளுக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி வேலிக்கம்பி. அதற்கு அடுத்தது மேமியோ.

எதிர்ப் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். “காக்கா! நான் தலையாட்டுவேன். ஆனா போக மாட்டேன்!”

“என்னாது?”

“இவ வெடிக்கிற மாதிரி இருக்கா. நிக்க வைக்கப் போறேன்!”

“எங்க வாப்பா வந்திருக்காரு புள்ள! முதல் தடவையா!”

காக்காவின் குதிரை பாய்ந்தால் மோவும் பின்னால் பாய்வாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றால்தான் அவள் நிற்பாள். அவர் ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வீசத் தயாராக வைத்திருந்த கயிற்றைச் சுருட்டிச் சேணத்தில் மாட்டினார்.

“ஆட்டு தலைய.”

ஆட்டினேன். வண்டி கிளம்பியது. பிளாஸ்டிக் காளை தனியாகக் களம் முழுக்க ஓடியது. பின்னால் யாரும் இல்லை. கூட்டம் முதலில் முழித்தது, அப்புறம் சிரித்தது. மோ நடுங்கினாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். நான் கையைத் தளர்த்தினேன் – என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான். அந்தக் காலைத் தானாகவே பின்னால் எடுத்தாள். மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு. தலை மெல்லக் கீழே இறங்கியது. உதட்டை நக்கிக்கொண்டாள்.

“நேரம் இல்லை” என்று ஸ்பீக்கர் அறிவித்தது, அதாவது ஓட்டம் கணக்கில் சேராது. கடைசி இடம்.

டோ கின் டே பெட்டிக்குப் பக்கத்தில் வந்து மோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நின்னுட்டாளே தமீ. வர்ற செவ்வாய்க்கிழமை புதுசா கத்துக்கிற பிள்ளைகளை இவ மேல ஏத்தலாமா?”

ஏற்றலாம் என்று சொல்லியிருக்கலாம். மோ அங்கேயே இருந்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது.

“வேண்டாம்மா. இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

“அப்ப ஒரு மாசம்” என்றார். போய் லாயத்துப் போர்டில், அடுத்த வாரப் பட்டியலில் சாக்பீஸால் எழுதினார் – மோ. பக்கத்தில் என் பெயர்.

இஸ்மாயில் காக்கா குதிரையோடு வந்து நின்றார். ஐந்து நிமிஷ விதி முடிந்திருந்தது. “கயிறே வீசாம தோத்த டீம் நாமளாத்தான் இருக்கும். வாப்பா கேக்குறாரு – நீங்க ரெண்டு பேரும் ஜட்ஜான்னு.”

சிரித்து முடித்து, “போதும், வா வீட்டுக்கு” என்று மோவின் கடிவாளத்தைத் தொட்டேன். அசையவில்லை. கெஞ்சினேன். அசையவில்லை. கண் பாதி மூடியிருந்தது.

பெட்டியிலிருந்து அவளை வெளியே கொண்டுவர எங்களுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று!