ஆட்டுக்கறி மட்டும்

எங்கள் தையல் ஹாலில் மணிக்கொரு முறை எழுத வேண்டிய ரிப்போர்ட் தாள் ஒன்று உண்டு. எட்டு மணி நேரத்துக்கு எட்டுக் கட்டம். எத்தனை பீஸ் பார்த்தோம், எத்தனை பீஸில் குறை என்று அந்தந்த மணிக்கு எழுத வேண்டும். அப்படி ஒரு தாளின் வெறும் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மெக்கானிக் அண்ணன் தன் பூனைக்கு ஓர் அட்டவணை செய்திருந்தார். தேதி, காலைச் சாப்பாடு, மாலைச் சாப்பாடு, வாந்தி உண்டா, வெளிக்குப் போனது எப்படி என்று ஐந்து பத்திகள். அந்தத் தாளில் பன்னிரண்டு நாட்களுக்கான வரிகளை எழுதியது நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பன்னிரண்டில் முதல் மூன்று வரிகள்தான் உண்மை.

நான் காங்கேயத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி மண்ணரைக்கு வந்து, பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்ணாகச் சேர்ந்து, பிறகு அதே செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். மெக்கானிக் அண்ணன் அதே கம்பெனியில் தையல் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். தென்காசிப் பக்கத்துக்காரர். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவு அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "நூறு மெஷினக் கட்டிக்கிட்டு அழுதேன், காணாதா?" என்பார். ஒருநாள் குடோனில் கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே கண்கூடச் சரியாகத் திறக்காத ஒரு பூனைக்குட்டி கிடந்தது. அதை டூல்ஸ் பெட்டிக்குள் துணி விரித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மெஷினில் நூல் சுற்றி வைக்கும் பாபினின் பேரையே அதற்கு வைத்தார். அந்த நாளிலிருந்து அவருக்குக் குடும்பம் இருந்தது.

பாபினுக்கு ஒரு வயது ஆகும்போதே வயிற்றுக் கோளாறு தொடங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் வாந்தி. வெளிக்குப் போவது தண்ணீராக. லைன் வீட்டில் பத்துக் கதவு, பத்துக் கதவிலும் அவன் சாப்பிடுவான். ஒரு வீட்டில் பால், ஒரு வீட்டில் மீன் தலை, இன்னொரு வீட்டில் கோழிக் குழம்பு ஊற்றிய சோறு. எங்கள் ஊரில் வாசலில் வந்து நிற்கும் உயிருக்கு ஒன்றும் போடாமல் கதவைச் சாத்த யாருக்கும் வராது. பூச்சி மாத்திரை கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருப்பான், பிறகு பழையபடி ஆகிவிடும். கையை வைத்துத் தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டியது. அண்ணன் தினமும் காலையில் வாளியும் துடைப்பமுமாக நடைபாதையைக் கழுவுவார், யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்று.

கடைசியில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். அவர் பொறுமையாகச் சொன்னார்: இவன் உடம்புக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஆகவில்லை என்று நினைக்கிறேன், அது பாலா, மீனா, கோழியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இதுவரை இவன் தின்றே இராத ஒரு கறியை மட்டும் எட்டு வாரம் கொடுங்கள். கூடவே நான் தரும் சத்துப் பொடி. வேறு எதுவும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. நன்றாகிவிட்டால் பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம், எது கெடுக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்திருப்பார்கள். அண்ணனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அவர் மெஷின் பார்ப்பதே அப்படித்தான். தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மட்டும் மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். பிறகு நூல், ஓட்டிப் பார்ப்பார். அவசரத்தில் யாராவது மொத்தத்தையும் மாற்றி வைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா கோளாறு எதுலன்னு எப்படிலே கண்டுபிடிப்ப?" என்பார். அன்று சாயங்காலமே பத்துக் கதவையும் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். "எட்டே வாரம். யாரும் எதுவும் போட்டுராதீங்க. அவன் பட்டினி கெடக்கான்னு நெனைச்சிராதீங்க."

பாபின் தின்றே இராத கறி ஆட்டுக்கறி. கொழுப்பு நீக்கி, உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, பொடிப்பொடியாக நறுக்கி வைப்பார். அவர் தட்டில் ரசம் இருக்கும். நான் கிண்டல் பண்ணாமல் விடுவேனா? "ஏனுங்கண்ணா, அடுத்த பிறவீல உங்க ஊட்டுப் பூனையாப் பொறந்தாப் போதுமுங்க எனக்கு" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே தாளில் எழுதுவார்: ஆட்டுக்கறி மட்டும். இரண்டாம் வாரத்தில் வாந்தி நின்றது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை, "தங்கச்சி, ஓடியா, ஓடியா" என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பாபின் வெளிக்குப் போக மண் நிரப்பி வைத்திருந்த தட்டைக் காட்டினார். கெட்டியாக, ஒழுங்காகப் போயிருந்தது. ஒரு பூனையின் மலத்தைப் பார்த்து இரண்டு பெரிய மனிதர்கள் கைதட்டிச் சிரித்தோம். பாபினுக்கு முடி பளபளக்கத் தொடங்கியது. சுற்றுச்சுவர் மேல் ஒரே தாவில் ஏறினான்.

நான்காம் வாரம் அண்ணனின் அம்மாவுக்கு ஊரில் உடம்பு முடியாமல் போனது. பன்னிரண்டு நாள் அவர் போக வேண்டியிருந்தது. கறிக்கடையில் தினமும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, தாளையும் பொடி டப்பாவையும் என் கையில் கொடுத்தார். "அவன் கேப்பாம்மா, கெஞ்சுவான். மனசு எளகிராத. வேற எதையும் வாயில வச்சிராத. ஒன்னைய நம்பித்தான் போறேன்." நான் சொன்னேன்: "நீங்க அம்மாவப் பாருங்கண்ணா. இவன நான் பாத்துக்கறனுங்க."

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத் தின்றான். மூன்றாம் நாள் கறியை மோந்து பார்த்துவிட்டு, அண்ணனின் பூட்டிய கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டான். அன்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை. கம்பெனியில் அது ஷிப்மென்ட் வாரம், எனக்குக் காலையில் மூச்சுவிட நேரமில்லை. நான்காம் நாள் காலை தூக்குப் போசியில் தயிர் சோறு எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து காலைச் சுற்றினான். குரல் கம்மிப் போய், கெஞ்சுவது போலக் கத்தினான். செத்துக்கித்துப் போய்விட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம். ஒரு கை தயிர் சோற்றை எடுத்து வைத்தேன். தட்டு பளிச்சென்று ஆகும்வரை நக்கினான். எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தின்கிறானே என்று மறுநாளும் வைத்தேன். கறி வாங்கி வேகவைக்கும் வேலை மிச்சம் என்பதும் அதில் இருந்தது, இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று நாளில் வயிறு மறுபடி கலங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மோர் கலக்கி வைத்தேன். வயிறு கெட்டால் மோர்தானே கொடுப்போம், வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று. ஒன்பதாவது நாளிலிருந்து ரத்தம் தெரிந்தது.

அண்ணன் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தாளைக் கையில் எடுத்தேன். மூன்று வரிக்குப் பிறகு வெறுமையாக இருந்தது. எங்கள் வேலையில் இது ஒன்றும் புதிதில்லை. மணிக்கொரு முறை எழுத வேண்டிய ரிப்போர்ட்டை ஷிப்மென்ட் நெருக்கத்தில் யார் அந்தந்த மணிக்கு எழுதுகிறார்கள்? சாயங்காலம் உட்கார்ந்து எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். பெரிய ஆடிட் வரும்போது ஒரு மாதத் தாளைக்கூட அப்படி நிரப்பியதுண்டு. ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக் கூடாது என்று மூன்று பேனாவை மாற்றி மாற்றி எழுதுவோம். அதில் நான் கெட்டிக்காரி, புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றும் மூன்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். வயிறு கலங்கியதை உள்ளபடியே எழுதினேன், அதை மறைக்க முடியாது. சாப்பாட்டுப் பத்தியில் ஒன்பது நாளுக்கும் எழுதினேன்: ஆட்டுக்கறி மட்டும். எழுதும்போது பேனா எங்கும் நிற்கவில்லை. பழக்கம்.

அண்ணன் பாபினைத் தூக்கிப் பார்த்து உடைந்துபோனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நானும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேற எதுவும் குடுக்கலீங்களே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன், "அதான் எழுதியிருக்குல்லா டாக்டர். இந்தத் தங்கச்சி ஒரு புள்ளி விடாது, எங்க கம்பெனிலயே இது எழுதுனாத்தான் செல்லும்" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா யோசித்துவிட்டு, அப்படியானால் இது சாப்பாட்டால் வருவதில்லை, குடலிலேயே பெரிய வியாதி இருக்கலாம் என்றார். வேறு பெரிய மாத்திரைகள் எழுதினார். கறியை நிறுத்திவிட்டு, எடை ஏற எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்றார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. கையில் இருந்த தாளை நம்பி முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு நான்கு மாதம். நூற்றுச் சொச்சம் காலைகள் அடுத்த கதவில் அண்ணன் நடைபாதையைக் கழுவும் சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லியிருந்தால் பழையபடி ஆட்டுக்கறிக்குத் திரும்பியிருப்பார், முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருப்பார். ஆனால் ஹாலில் எல்லோர் முன்னாலும் என் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார் மனிதர். நாள் ஏற ஏற வாய் இறுகிவிட்டது. மானம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். வெறும் கோழைத்தனம் அது. கடைசி மாதம் பாபின் பாலைத் தவிர எதையும் தொடவில்லை. அண்ணன் விரலில் தொட்டுத் தொட்டு நக்கவைத்தார். ஒரு மத்தியானம் அவர் மடியிலேயே அடங்கிப்போனான். புது வெள்ளைப் பனியன் துணியில் சுற்றி, லைன் வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் புதைத்தோம். மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ அவ்வளவு சுத்தமா எழுதி வச்சதாலதாம்மா வியாதி இன்னதுன்னாவது தெரிஞ்சுது. இல்லன்னா நான் ஆட்டுக்கறியப் போட்டுப் போட்டு அவனக் கொன்னுருப்பேன்." நான் அழுதேன். பாபினுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவர் கம்பெனியை விட்டுவிட்டுத் தாராபுரத்தில் சின்னதாக மெஷின் ரிப்பேர் கடை போட்டார். தீபாவளிக்கு மட்டும் போன் வரும். இந்த வருஷம் தீபாவளிக்கு வெகு முன்னாலேயே கூப்பிட்டார். குரலில் பழைய துள்ளல் இருந்தது. கடை வாசலில் ஒரு பெண்குட்டி வந்து சேர்ந்திருக்கிறதாம், கறுப்பு. ஆனால் அதற்கும் அதே தொல்லை, வாந்தியும் பேதியும். அங்கே உள்ள டாக்டர் ஒரே கறி மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறாராம். "நான் சொல்லிட்டேம்மா, அதெல்லாம் வேலைக்கு ஆகாது டாக்டர், நாங்க ஒரு நாள் விடாம எழுதி வச்சுப் பாத்தாச்சு, சாப்பாட்டுல ஒண்ணும் இல்லன்னு. நேரா அந்தப் பெரிய மாத்திரையவே குடுங்கன்னுட்டேன். சரிதான?"

என் கையில் ஒரு குழந்தைப் பனியன் இருந்தது, செக் பண்ணிக்கொண்டிருந்த பீஸ். அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அண்ணா, அந்த மாத்திரையக் குடுக்க வேண்டாமுங்க. டாக்டர் சொன்னதச் செய்யுங்க."

"ஏம்மா?"

"நான் பாபினுக்குத் தயிர் சோறு போட்டனுங்கண்ணா. ஒம்பது நாளும் போட்டனுங்க. வயிறு கெட்டதுக்கப்புறம் மோரும் ஊத்துனனுங்க. தாள்ல எழுதுனதெல்லாம் பொய்யுங்கண்ணா. நீங்க வர்றதுக்கு முன்னால ஒரே நாள்ல ஒக்காந்து எழுதுனனுங்க."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். தயிர்தான் காரணம் என்று நிரூபிக்க இப்போது வழியில்லை, அந்த வழியை அடைத்தவளும் நான்தான். ஆனால் மூன்று வாரம் கறியில் தேறியவன் ஒன்பது நாளில் ஏன் விழுந்தான் என்று மெஷின் பார்க்கும் மனிதருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஆட்டுக்கறி அவனுக்கு ஒத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கு?"

"ஆமாங்கண்ணா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என்மேல் ஒரு வசவும் விழவில்லை. என்னிடம் பேசுவது போலவே இல்லாமல், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்:

"கடைசி மாசம் பூரா நான் பாலுல்லா குடுத்தேன். என் கையால."