அருவி சிவந்த மத்தியானம்

“எழுத்துச் சொல்லிக் குடுத்துருவிய, சரி. பிள்ளையளப் பத்திரமாப் பாத்துக்கிடுவியளா?”

நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், மகளைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மலையில் விறகு பொறுக்கி விற்றுப் பிழைக்கிறவர். இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்த வருஷம் அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். என் ஊர் சுந்தரபாண்டியபுரம். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று கசந்தது. பதிவேட்டில் மகளின் பெயரை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பக்கத்தில் ஓடும் மலையோடைக்கு அக்கரையிலிருந்து, அந்தத் தாயின் மகளையும் சேர்த்து, ஒன்பது பிள்ளைகள் வருவார்கள். தண்ணீர் குறைந்த நாட்களில் கல்லுக்குக் கல் தாண்டிப் போய்விடலாம். வகுப்பு ஜன்னலில் பார்த்தால் தூரத்து மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அதை நான் அழகு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். அந்தத் தாயின் மகள் மட்டும் ஜன்னலையே பார்த்தாள். அதட்டினேன்.

“டீச்சர், அருவி செவந்துட்டு” என்றாள்.

“பலகையைப் பார்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். மூலையில் நிற்க வைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து, இவள் ஏன் நிற்கிறாள் என்று கேட்டார். பாடத்தில் கவனம் இல்லை என்றேன். மற்றப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்கள். அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சந்தோஷத்தில் அக்கரைப் பிள்ளைகளோடு நானும் ஓடைவரை நடந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். கொஞ்சம் கலங்கியிருந்தது. மூலையில் நின்றவள் முன்னால் ஓடிப்போய், இறங்குகிற தடத்தில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

“எறங்காதிய டீச்சர், மலைவெள்ளம் வருது.”

“ஏட்டி, மூலையில நின்னு காலு மரத்துப் போச்சோ?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, இருப்பதிலேயே சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

நாலடி போயிருப்பேன். மலைப்பக்கம் ஓர் இரைச்சல். காலுக்குக் கீழே கல் அசைந்தது. தண்ணீர் செம்மண் குழம்பாக முழங்காலுக்கு ஏறி, மூச்சு விடுவதற்குள் இடுப்புக்கு வந்தது. சின்னவளின் கை என் கையிலிருந்து வழுக்கியது. எட்டி அவள் தலைமுடியைப் பிடித்தேன். நிற்க முடியவில்லை.

கரையில் தடத்தை மறித்திருந்தவள் ஒரு கையால் மருதமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். அவள் இடுப்பை மற்றவர்கள் கட்டிப் பிடித்திருந்தார்கள். அந்தக் கையைப் பிடித்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் கரையேறினோம்.

சற்று நேரத்தில் அக்கரையில் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள். இரைச்சலில் அவர்கள் கத்துவது கேட்கவில்லை. யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். நான் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். எட்டுப் பேரைத் தூக்கிய பிறகு அவளிடம் வந்தேன். வயதுக்கு மீறிய வளர்த்தி.

“என்னையத் தூக்க முடியாது டீச்சர்” என்றாள்.

தூக்கினேன். அக்கரையில் அவள் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். காலையில் வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாக அந்தத் தாய் வந்தார். மூலையில் நிற்க வைத்ததையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“வாயாடின்னு நானே இவ பேச்சக் கேக்கதில்ல. நீங்களாவது கேளுங்க.”

அன்றே என் நாற்காலியை மலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். இங்கே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டும் என்பதையும், அருவி நிறம் மாறினால் ஓடையில் கால் வைக்கக் கூடாது என்பதையும் அவளிடம்தான் படித்தேன்.

இந்த வருஷமும் ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வரும் நாள். காலை பத்து மணிக்கே மலையுச்சி கறுத்தது. அருவி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பாடத்தை நிறுத்தி, அக்கரைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், அவரவர் வீட்டாரிடம் விட்டுத் திரும்பினேன். இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒன்பது இடம் காலி. அவர் முகம் சுளித்தார். “மலையில் மழை, பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினேன்” என்று அவர் எதிரிலேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ இடங்களில் பெருமையோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தாயின் கேள்விக்குப் பதிலாக நான் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.