காற்று மெத்தை விற்ற மீன்பிடிக்காரன்

கடைத் தட்டுகளில் சாமான் அடுக்குகிறவனுக்கு முதுகுதான் நோகும் என்று நினைக்கிறவர்கள், ஒரு கோடைகாலம் என்னோடு வந்து நின்று பார்க்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மன்னாரில் வள்ளம் ஓட்டியவன் நான். ஸ்டுட்கார்ட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். ஆனி மாதம் பிறந்தால் எங்கள் சனம் விடுமுறைக்கு இத்தாலிக் கடலுக்குக் கிளம்பும். அதற்கு முதல் என்னிடம் வரும்.

காற்றுப் பை

ஒரு இளம் தாய், தண்ணீரில் மிதக்கப் பிள்ளையின் கையில் மாட்டும் காற்றுப் பை கேட்டு வந்தா. "தங்கச்சி, இது கழன்று போகும். நீங்கள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நிற்கவேணும்" என்றேன். முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் எப்ப அண்ணை ஃபோன் பாக்கிறது?"

முகாமையாளர்

உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். எங்களுடையவர் என் மகன் வயதுக்காரர். ஒரு ஜெர்மன்காரர் காற்று மெத்தை எடுத்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசினால் கரையில் அலை இராது. அந்த நேரம் இதில் ஏறவேண்டாம், ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும்." மனிதர் நன்றி சொல்லி மெத்தையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஆறு வருஷமாகிறது, முகாமையாளர் அன்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

"உங்களை விற்க வைத்திருக்கிறேனா, விற்காமல் தடுக்க வைத்திருக்கிறேனா?"

நடேசனின் அன்னம்

நடேசன் யாழ்ப்பாணத்து ஆள். ஒரு கலியாண வீட்டில் நான் கடல் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, சபை நடுவில் "ஜெர்மனி வந்தும் மீன் நாத்தம் போகேல்லை" என்றவர். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அவருடன் பேச்சில்லை.

போன வருஷம் மனைவியோடும் பத்து வயது மகளோடும் கடைக்கு வந்தார். மகள் அன்னப்பறவை வடிவில் ஒரு பெரிய காற்று மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடேசன் கொஞ்சம் தயங்கி, பழையதை மறந்தவர் போல என்னிடம் கேட்டார்.

"நாங்கள் போற இடத்தில கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம். பயமில்லைத்தானே அண்ணை?"

காற்றைப் பார், மிதவையைக் கயிற்றில் கட்டு, அதைக் காற்று இழுத்துக்கொண்டு போனால் பின்னால் நீந்தாதே, உதவிக்குக் கத்து. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கலியாண வீட்டுச் சிரிப்பும் காதில் நின்றது. "காற்றடிக்கிற பம்ப் மேல் தட்டில இருக்கு" என்றேன். அவ்வளவுதான். அன்னத்தோடு பம்பையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நீச்சல் கண்ணாடி

ஆவணி கடைசியில் நடேசனின் மனைவி தனியாக வந்தா. மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கிறாவாம், கண்ணாடி வேணுமாம். கேட்காமலே சொன்னா. தரைக்காற்றில் அன்னம் மகளோடு ஆழ்கடல் பக்கம் போயிருக்கிறது. நடேசன் பின்னால் நீந்தியிருக்கிறார். காவல் படகு பிள்ளையை முதலில் எடுத்தது. அவரை எடுக்கும்போது மூச்சில்லை. உயிரைத் திருப்பிவிட்டார்கள், ஆனால் இப்போது மனைவியின் பெயர் கூடச் சில நாள் நினைவு வராதாம்.

நான் கண்ணாடிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அந்த மனுசி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"'அண்ணை கடல் தெரிஞ்ச மனுசன், ஆபத்தெண்டால் எங்களுக்குச் சொல்லியிருப்பார்' எண்டு சொல்லித்தான் இவர் கடலில இறங்கினவர்."

பதினெட்டு வருஷத்தில் என்னை முழுதாக நம்பிக் கடலில் இறங்கிய வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான், அவருக்கு நான் விற்றது ஒரு பம்ப்.