பெருக்கி வைத்த இடுகாடு

வெள்ளைக்காரன் போய் இருபது வருஷமாகியும், அவன் எழுதிவைத்த பதிவேட்டைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் எது, யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நல்லூருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் சேரிக்காரர்கள் நாலு தலைமுறையாகப் புதைத்துவந்த இடம் அதில் 'தரிசு' என்று இருந்தது. அளக்க வந்த துரை யாரைக் கேட்டு எழுதியிருப்பான்? என் தாத்தாவைத்தான். அவர் அன்றைக்கு ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம். அவருக்குப் பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது.

அந்த இடத்தைச் சலவைப் பட்டறைக்குக் கேட்டார் ஒரு பனியன் முதலாளி. துணியை மருந்துத் தண்ணீரில் வெளுத்துக் காயப்போட வெட்டவெளி வேண்டும். சேரியில் ஒருத்தி மட்டும் மனுப் போட்டாள். அம்மை கண்டு செத்த மகளை அங்கே புதைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தாசில்தார் நல்ல மனுஷர். நேரில் பார்க்கிறேன், குழி இருந்தால் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

முதலாளி எனக்கு மாமன் முறை. நான் சேரிக்குப் போனேன்.

"நாளைக்குத் தாசில்தார் வர்றாரு. முள்ளும் மேடுமாக் கெடந்தா காலை வெப்பாரா? சுத்தம் பண்ணி வைங்க."

அதிகாரி வருகிறார் என்றால் செதுக்கிப் பெருக்கிச் சாணம் தெளிப்பது அவர்கள் பரம்பரை வேலை. துரை காலத்தில் செய்யாதவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது. அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னேன். பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்டுகிற புத்தி எனக்கு.

மறுநாள் போய்ப் பார்த்தால் மேடெல்லாம் நிரவியிருந்தது. நாய் தோண்டாமலிருக்கப் போட்ட முள்ளை எரித்துவிட்டார்கள். தலைமாட்டுக் கற்களை ஓடையோரம் அடுக்கியிருந்தார்கள். மனுப் போட்டவள் கையிலும் விளக்குமாறு இருந்தது.

"கல்லு எதுக்குங்க சாமி, எம்மவ எங்க இருக்குறான்னு எனக்குத் தெரியாதுங்களா" என்றாள்.

தாசில்தார் சுற்றிப் பார்த்தார். "குழி எங்கம்மா?"

"இதானுங்க" என்று வெறும் தரையைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"தரிசுங்க. பதிவேட்டுலயே இருக்குதுங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பட்டறை வந்தது. சேரிக்கும் அங்கேதான் வேலை. ஒருநாள் மாமனைப் பார்க்கப் போயிருந்தேன். தரை முழுக்க ஈரத் துணி. நடுவில் ஒரு பிள்ளை படுக்கிற அளவு இடம் மட்டும் விரிக்காமல் கிடந்தது. பக்கத்தில் அவள் நின்றாள்.

"அது ஏன் சும்மா கெடக்குது?" என்றார் மாமன். அவர் கேட்டது என்னைத்தான். அவளிடம் சொன்னது நான்.

"அங்கயும் விரி புள்ள."

"சரிங்க சாமி."

மருந்துத் தண்ணீர் கீழே சொட்டாமலிருக்கத் துணியை இன்னும் இரண்டு தடவை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு விரித்தாள்.