தம்பியிடம் சொல்லாத பல்வலி

தையற்காரி தனக்கு நோவு என்று வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் நோயாளி என்றால் தம்பி ஒருவன்தான். சிறுநீரகம் இரண்டும் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு துவண்டு வருகிறவனிடம் பல்வலி என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நூலைக் கடித்துக் கடித்தே முன்பற்களைத் தொலைத்தவள் அவள். இப்போதிருப்பவை தாடை எலும்பில் திருகிப் பொருத்திய செயற்கைப் பற்கள். அவற்றைச் சுற்றி ஈறு வீங்கியது. துலக்கினால் ரத்தம் வந்தது. கெட்டிக்காரி என்ன செய்தாள் தெரியுமா? அந்த இடத்தைத் துலக்குவதையே விட்டுவிட்டாள். ரத்தம் கண்ணில் படவில்லை, அத்தோடு அதை மறந்தும் போனாள்.

தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தாள். எல்லாம் பொருந்தியது. ரத்தத்தில் மட்டும் அழற்சியின் அளவு ஏறிக் கிடந்தது.

"உடம்புல எங்கயோ புண் இருக்கும்மா. அது என்னன்னு தெரியாம உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

நெஞ்சைப் படம் பிடித்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் தம்பியின் கால் வீங்கி, முகமும் வீங்கியது. அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில், ரத்தம் எடுக்க வந்த நர்ஸ்தான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாய்ல என்னக்கா, இப்படி நாத்தம்?"

பல் டாக்டர் ஈறை அழுத்தினார், சீழ் வந்தது.

"பல்லையே புடுங்கிடுங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"புடுங்க வேண்டாம், உள்ள சுத்தம் பண்றேன். ஆனா இதனாலதான் ரத்தத்துல ஏறிச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. இறங்குதான்னு பொறுத்துத்தான் பார்க்கணும்."

பொறுப்பதற்கு அவளிடம் காலம் எங்கே இருந்தது? ஆனாலும் பொறுத்தாள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கக்கூட வழியில்லாமல் துலக்கினாள். அளவு மெல்ல இறங்கியது.

ரிப்போர்ட்டோடு அவள் ஓடியபோது டாக்டர் தம்பியின் கட்டிலருகே நின்றிருந்தார். "நீங்க தயார்தாம்மா. ஆனா இவரோட இதயம் இப்ப ஆபரேஷனைத் தாங்காது. தேறுவார்னு என்னால சொல்ல முடியல."

அவர் போன பிறகு அவள் எல்லாவற்றையும் தம்பியிடம் கொட்டினாள். "நீ படுற பாட்டுக்கு முன்னால என் பல்லு ஒரு பெருசாடா? அதான் சொல்லல."

அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"பல்லு வலிக்குதுன்னு வந்து சொல்ற அளவுக்குக்கூட நான் உயிரோட இல்லையாக்கா?"