சித்திரகுப்தியின் கேள்வி

அவள் கால் வைத்த இடத்தில் கூடிய சீக்கிரம் ஒரு மெஷின் வந்து இறங்கும். பாதிப் பேர் வெளியே போவார்கள். அதனால் நம்மாட்கள் அவளுக்கு வைத்த பெயர் சித்திரகுப்தி. படித்தது பொருளாதாரம். பிழைக்க வந்த நாட்டில் கிடைத்த உத்தியோகம், எந்த வேலையை மெஷினிடம் கொடுக்கலாம் என்று ஆராய்வது. ஊரார் வேலைக்கெல்லாம் ஆயுசு குறித்துக் கொடுத்தவளின் சொந்த வேலையோ, வருடா வருடம் டைரக்டர் போடும் கையெழுத்தில் தொங்கியது. அது தவறினால் விசாவும் போய்விடும். அவர் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

அவளுக்குப் பேரும் புகழும் வாங்கித் தந்தது ஒரே ஒரு கேள்வி. தொழிலாளிகளிடம் போய், "உங்க வேலை கஷ்டமா, ஈஸியா?" என்பாள். ஈஸி என்று நிறையப் பேர் சொன்ன வேலைக்குத்தான் முதலில் மெஷின். கட்டுரைகள் வந்தன, மாநாடுகளில் கைதட்டினார்கள். பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் தன்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள் என்பதும் அவளுக்கு வெறும் புள்ளிவிவரம்தான். படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல?

இந்த வருடம் வந்து வாய்த்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம். அங்கேதான் அக்கா வேலை பார்த்தாள். இவளைப் படிக்க வைத்து, டிக்கெட் எடுத்து வரவழைத்த அக்கா. நீராவிக்கு நடுவே போர்வை மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்குள் நோயாளிக்குப் போட்ட ஊசி கிடக்கும். கொஞ்சம் அசந்தால் விரலில் ஏறிவிடும். பின்னால் சூப்பர்வைசர் நின்றார்.

"கஷ்டமா, ஈஸியா?"

"ரொம்ப ஈஸி" என்று அக்கா சிரித்தாள். வரிசை முழுக்க அதே பதில், அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு இவளுக்கு நன்றாகத் தெரியும். டைரக்டர் முன்னால் இவளும் அப்படித்தான் சிரிப்பாள்.

எல்லோர் பதிலையும் 'ஈஸி' என்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடமாக ஜனங்களின் பயத்தை அளந்து, அதை வேலையின் சுலபம் என்று எழுதி வைத்திருக்கிறாள். எத்தனை பேர் பிழைப்பில் மண் விழுந்ததோ! இப்போது அக்காவின் பிழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ஒற்றை அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லு. நீங்க எல்லாம் கஷ்டம்னு சொன்னாத்தான் அந்த வேலை தப்பிக்கும். அத வச்சு, என் கேள்வியே தப்புன்னு டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வீங்கிய விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. "பைத்தியமாடி உனக்கு? உன் விசா என்னாகும்?"

"அத விடு. கஷ்டமா இல்லையா, சொல்லு."

"கஷ்டம்னா, இவளால முடியலன்னு நாளைக்கே அனுப்பிடுவாங்க. ஈஸின்னு சொன்னா மெஷின் வர்ற வரைக்குமாவது இருக்கலாம்."

"அக்கா, நான் உன் தங்கச்சி! என்கிட்ட என்ன பயம்?"

அக்கா இவள் கண்ணைப் பார்க்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் நீ என் தங்கச்சிதானே? நான் சொன்னத எழுதிக்கிட்டுத்தானே போன?"

ஊரெல்லாம் தன்னைக் கண்டு பயந்தது இவளுக்குத் தெரியும். இந்த வீட்டிலுமா?

"வேலை ஈஸிதான்" என்றாள் அக்கா. "அப்படியே இருக்கட்டும்மா."